தோற்ற கட்சிக்கு ஒன்றியச் செயலாளரைத் தேர்ந்தெடுத்த நான்கு மாதங்கள்

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த குட்டியானை வண்டி மூன்று கோணிப்பைகளை என் உரக்கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவற்றையும் அடுக்கச் சொன்னேன். அவற்றுக்குள் இருந்தவை எங்கள் ஒன்றியத்தின் கட்சி உறுப்பினர் படிவங்கள். தேர்தலில் படுதோல்வி அடைந்த கட்சிக்குப் புதிய ஒன்றியச் செயலாளரைத் தேர்ந்தெடுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மே மாதக் கடைசியில் தொடங்கிய அந்த வேலை செப்டம்பர் இறுதியில்தான் முடிந்தது. இடையில் ஒரு குறுவைப் பருவத்து வியாபாரத்தையும், கைப்பணமும் கடன் பாக்கியுமாக மூன்று லட்சம் ரூபாய்க்கு மேலும், பல இரவுகளின் தூக்கத்தையும் இழந்தேன். இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும், எங்கெங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர அன்று ஒருவரும் இல்லை. இனி இந்தப் பொறுப்பை ஏற்பவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அனைவரும் ஊரில் என்னோடு வாழ்பவர்கள். அவர்களைப் புண்படுத்துவது என் நோக்கமன்று.

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து தெற்கே இறங்குகின்றன. அந்த ஆறுகளின் பாசனத்தில் அமைந்த ஒன்றியம் எங்களுடையது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு எங்கள் கொடிக்கம்பம் இருந்த ஊர்களில், அந்தச் சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வேட்பாளர் டெபாசிட்டை இழந்தார். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவரின் வைப்புத்தொகை 10,000 ரூபாய் அரசுக்குப் போய்விடும். தொகை சிறியதுதான், ஆனால் வாக்கு எண்ணும் இடத்திலிருந்து திரும்பி வரும் வழியில், வேனில் இருந்த பதினோரு பேரும் மன்னார்குடி வரும்வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே கல்யாண மண்டபத்தில் கூட்டம் கூடியது. பத்தொன்பது ஆண்டுகளாக ஒன்றியச் செயலாளராக இருந்தவர் எழுந்து, தோல்விக்குப் பொறுப்பேற்று விலகுவதாகச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் தன் வீட்டுக் கூரை பறந்துகிடக்க, ஊர் ஊராக அரிசி கொண்டுபோனவர். அவர் விலகல் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் எழுப்பிய கேள்வியை நாங்கள் உரிய மரியாதையோடு கேட்டிருக்க வேண்டும். 1991-இல் தி.மு.க. ஓரிரு இடங்களோடு நின்றது; 1996-இல் அதே தலைவரோடு ஆட்சிக்கு வந்தது. அந்த 1996-இல் அ.தி.மு.க. நான்கே இடங்களைப் பெற்றது, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 2001-இல் அதே தலைவரோடு அவர்களும் மீண்டு வந்தார்கள். ஆகவே தோற்றவுடன் ஆளை மாற்றினால் கட்சி எழுந்துவிடும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர் கேட்டார். இளைஞர்கள் கூச்சலிட்டு அவரை உட்காரவைத்துவிட்டார்கள். பின்னாளில் யோசித்தபோது அவர் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை என்று எனக்குப் பட்டது. அந்தக் கட்சிகள் மீண்டதற்குத் தலைவர்கள் மட்டும் காரணமல்லர். தோற்ற காலத்திலும் ஊருக்கு ஊர் கிளை உயிரோடு இருந்தது. எங்கள் கிளைகள் உயிரோடு இருந்தனவா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல், ஒரு மாதத்துக்குள் புதிய செயலாளர் வேண்டும் என்று கைதட்டித் தீர்மானம் நிறைவேற்றினோம். ஒரு மாதம் என்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை மூன்று கோணிப்பைகளையும் பிரித்த அன்று தெரிந்துகொண்டேன்.

முன்பு ஒருமுறை ஒன்றியப் பொருளாளராக இருந்து கணக்கை ஒழுங்காக ஒப்படைத்தவன் என்பதால், தேர்தல் பொறுப்பாளராக என் பெயரை இரு தரப்பாருமே முன்மொழிந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது; அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது. என் மனைவி மட்டும், “என்னங்க, ஜூன் 12 மேட்டூர் திறந்தா நடவு ஆரம்பிச்சிடும். டி.ஏ.பி. மூட்டை எடுக்க ஆள் வர்ற நேரத்துல கடையில யாரு உட்காருவா?” என்று கேட்டார். தம்பி பார்த்துக்கொள்வான் என்றேன். மாவட்டச் செயலாளர் தொலைபேசியிலேயே, “நீங்களே பாருங்கண்ணே, நாங்க இருக்கோம்” என்றார். அந்தச் சொல்லை நம்பி வேலையைத் தொடங்கினேன். எழுத்தில் ஒரு வரி வாங்கவில்லை. இப்படியொரு பொறுப்பு உங்களிடம் வந்தால், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டா, செலவு யாருடையது, உங்கள் முடிவின் மேல் முறையீடு யாரிடம் செய்ய வேண்டும் என்ற நான்கையும் கடிதமாகக் கட்சி முத்திரையோடு வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். கூடவே கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தின் ஒரு பிரதியையும் வாங்குங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 29ஏ பிரிவின்படி பதிவுபெற்ற எந்தக் கட்சியும் தன் சட்டதிட்டத்தைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்திருக்கும். பொறுப்பாளர்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டாமல் உட்கட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்பது ஆணையத்தின் எதிர்பார்ப்பு. எங்கள் ஒன்றியத்தில் அந்தப் புத்தகம் ஒருவரிடமும் இல்லை. அதைத் தேடிப் பெறுவதற்கே எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

முதல் வாரத்தில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் சொன்னதால் செய்தது. வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், பதிவான வாக்குகளின் கணக்கைப் படிவம் 17சி-யில் எழுதி, அந்நேரம் உள்ளே இருக்கும் முகவர்களுக்கு நகல் கொடுப்பார். “உங்க முகவர்கள்ட்ட அந்த நகலைக் கேளுங்க. யார்ட்ட இருக்கோ அவங்கதான் கடைசிவரை உட்கார்ந்திருந்தவங்க” என்றார் அவர். எங்கள் ஒன்றியத்தில் 88 வாக்குச்சாவடிகள். கேட்டுக் கேட்டு எனக்குக் கிடைத்த நகல்கள் 31. மற்ற இடங்களில் முகவர் மதியச் சாப்பாட்டோடு எழுந்து போயிருந்தார், அல்லது தொடக்கத்திலிருந்தே ஆள் இல்லை. பிறகு வாக்குச்சாவடி வாரியாக முடிவைக் காட்டும் படிவம் 20-ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நகல் கிடைத்த சாவடிகளில் நாங்கள் இரண்டாம் இடத்திலாவது இருந்தோம். நகல் இல்லாத சாவடிகளில் பலவற்றில் எங்கள் வாக்கு நூறைக்கூடத் தொடவில்லை. அந்த இரண்டு தாள்களையும் மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தில் மூன்று மணி நேரம் பேசியும் எங்களுக்குப் புலப்படாதது அந்தத் தாள்களில் தெளிவாக இருந்தது. தலைவரைத் தேடப் புறப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் எடுத்து, நகல் எடுத்து, கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால் பேச்சு ஆட்களைப் பற்றியதாக இல்லாமல் வேலையைப் பற்றியதாக இருந்திருக்கும்.

பைகளைப் பிரித்தேன். மொத்தம் 9,412 படிவங்கள். முதல் நூறைப் புரட்டியபோதே நெஞ்சு படபடத்தது. ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், வரிசையாக நாற்பது படிவங்கள் இருந்தன. இறந்து ஏழாண்டு ஆனவர் பெயர் இருந்தது. திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், கல்யாணமாகி வேறு மாவட்டத்துக்குப் போன பெண்கள், வேறு கட்சியின் கொடியேற்றியே மூன்றாண்டு ஆன ஒருவர், எல்லாரும் இருந்தார்கள். இந்தப் பட்டியலை வைத்துக் கிளைப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் செயலாளரைத் தேர்ந்தெடுத்தால், யார் அதிகம் படிவம் எழுதினாரோ அவர்தான் செயலாளர். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஊரே விவாதித்துக்கொண்டிருக்க, யாருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் அனுபவத்தில் உட்கட்சிச் சண்டை என்று வெளியில் தெரிவதெல்லாம் அடியில் இந்தப் பட்டியலைப் பற்றிய சண்டைதான். அன்றிரவே பட்டியலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பது என்று முடிவெடுத்தேன். கூட நியமிக்கப்பட்டிருந்த இருவரில் ஒருவர் நான்காம் நாளும் மற்றவர் இரண்டாம் வாரமும் நின்றுகொண்டார்கள். அதன்பின் டி.வி.எஸ். எக்செல் வண்டியில் முன்னால் ஒரு பையை வைத்துக்கொண்டு நான் தனியாகத்தான் போனேன்.

பாமணியாற்றங்கரையில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டில் அறுபத்தைந்து வயதிருக்கும் அம்மா ஒருவர், நான் கணவர் பெயரைச் சொன்னவுடன் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். ரேஷன் அட்டை, நூறுநாள் வேலை அட்டை, கூட்டுறவுச் சங்க ரசீது ஆகியவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் கணவரின் உறுப்பினர் அட்டை இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது, எலி கடித்த ஒரு மூலையை வெள்ளைத் தாள் ஒட்டிச் சரிசெய்திருந்தார். “அவரு போயி நாலு வருசம் ஆச்சு தம்பி. பேரை அடிச்சிடாதீங்க. மாலை போட ஒருத்தரும் வரல, அதையாச்சும் வச்சிருங்க” என்றார். நான் என்ன சொல்வேன்? கட்சிக்காக இரண்டு முறை சிறை சென்றவர் அவர். அவர் இறந்த செய்தியே ஒன்றிய அலுவலகத்துக்கு வரவில்லை. அந்த அம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை, யாரும் கேட்கவுமில்லை. அன்றே அவருக்குப் படிவம் எழுதினேன். கணவர் பெயரை ‘மறைந்த உறுப்பினர்கள்’ என்று தனிப் பக்கம் போட்டு முதல் வரியில் எழுதிக் காட்டினேன். திரும்பும் வழியில் மதகுக் கட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். அதன்பிறகு எல்லா ஊரிலும் அந்தத் தனிப் பக்கத்தை வைத்தேன். நீக்குகிறோம் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள், அந்தப் பக்கத்தைக் காட்டியதும் தாங்களே இறந்தவர்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் அந்த வீட்டு வாசல்களில்தான் கற்றேன். பல ஊர்களில் விவசாயத் தொழிலாளர்கள் வாழும் தெருவின் பெயர்கள் பட்டியலில் நிறைய இருந்தன. ஆனால் கிளைக் கூட்டத்துக்கு ஒருமுறைகூட அழைக்கப்பட்டதில்லை என்று அவர்களே சொன்னார்கள். கூட்டம் எங்கே நடக்கும் என்று கேட்டால், மிராசுதாராக இருந்தவர் வீட்டுத் திண்ணையில், காலை பத்து மணிக்கு. அந்தத் திண்ணையில் அவர்கள் எங்கே உட்காருவார்கள்? நடவுக் காலத்தில் காலை பத்து மணிக்கு எந்தப் பெண் வருவார்? கூலி கேட்டதற்காக வெண்மணியில் 44 உயிர்களை 1968 டிசம்பர் 25 அன்று எரித்த மண் இது. அதற்குப் பிறகும் கூட்டம் போடும் இடத்தைப் பற்றி நாங்கள் யோசிக்காமல் இருந்திருக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்தது. கிளைக் கூட்டங்களைப் பள்ளிக்கூட வாசலிலும் நூலகத் திடலிலும், மாலை ஆறு மணிக்கு மேல் மாற்றினேன். இரண்டு ஊர்களில் இதை எதிர்த்துப் பழைய கிளைச் செயலாளர்கள் வரவே இல்லை. வராதவர்களுக்காக இடத்தை மாற்றாதீர்கள். வந்தவர்களை வைத்து நடத்திவிட்டு, வந்தவர்களின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

ஜூலை இரண்டாம் வாரம் ஒரு மாலையில் விலகிய செயலாளரின் அக்காள் மகன், ரப்பர் பேண்ட் போட்ட 600 புதிய படிவங்களையும் அவற்றுக்கான சந்தாப் பணத்தையும் ஒரே பையில் கொண்டுவந்து என் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். அவரும் ஒரு போட்டியாளர். “மாமா, எல்லாம் புது ரத்தம்” என்றார். உறவு முறையில் நான் அவருக்கு மாமன். என் மனைவி வழிச் சொந்தம். வாங்க மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்பதற்கு என்னிடம் எழுத்தில் எந்த விதியும் இல்லை, ஏனென்றால் சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்று ஒன்றை நான் அறிவித்திருக்கவில்லை. அந்த ஒரு குறைதான் பிறகு என்னை நீதிமன்றப் படியேற வைத்தது. பதவிக்குப் போட்டி என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, இன்ன தேதிக்குள் உறுப்பினராக இருந்தவர்களுக்கு மட்டுமே இந்தமுறை வாக்கு என்று அறிவித்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். தோற்ற கட்சிக்குப் புதியவர்கள் தேவைதான். அவர்கள் தாராளமாகச் சேரட்டும், வாக்கு அடுத்த முறை கிடைக்கட்டும். அந்த இளைஞர் அதன்பின் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வரவில்லை. என் மனைவியின் அக்காவும் ஓராண்டு எங்களோடு பேசவில்லை.

போட்டியாளர்கள் மூவர். இந்த இளைஞர் ஒருவர். கட்சி மோசமாக இருந்த காலத்திலும் ஒன்றிய வார்டில் வென்ற ஒருவர். மகளிர் குழுக்களை நடத்தி வந்த கிளைச் செயலாளரான ஒரு சகோதரி மூன்றாமவர். மூவரும் நன்றாகப் பேசக்கூடியவர்கள். மேடைப் பேச்சை வைத்துத் தேர்ந்தெடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நான் வேறொரு முறையைக் கையாண்டேன். படிவம் 20-இன் நகலைக் கொடுத்து, முதல் ஆறு மாதத்தில் எந்தப் பத்துச் சாவடிகளுக்குப் போவீர்கள், அங்கே யாரை வைத்து வேலை செய்வீர்கள், மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதித் தரச் சொன்னேன். சகோதரி எழுதித் தந்ததுதான் மிகச் சிறந்தது. கடைமடையில், முத்துப்பேட்டைப் பக்கம் தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் பத்து ஊர்களைக் குறிப்பிட்டு, ஊருக்கு இரண்டு பெண்களின் பெயரையும் எழுதியிருந்தார். வார்டு உறுப்பினர் ஏழு சாவடிகளை எழுதினார். இளைஞர் தலைமை சொல்வதைச் செய்வேன் என்று ஒரு வரி எழுதினார். மூன்று தாள்களையும் நகலெடுத்துப் பிரதிநிதிகளுக்குக் கொடுத்தேன். இந்த நான்கு மாதத்தில் நான் செய்தவற்றில் எனக்கு நிறைவு தருவது இதுதான்.

ஆகஸ்டில் மாவட்டத்திலிருந்து நெருக்கடி வந்தது. வாக்கெடுப்பு வேண்டாம், ஏகமனதாக முடியுங்கள் என்றார்கள். ஏகமனது எப்படி உண்டாகும் என்பது கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். முதல்நாள் இரவு ஒரு வீட்டில் முடிவாகும். மறுநாள் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள், கை தட்டாதவர்கள் அடுத்த தேர்தலில் வேறு கட்சிக்கு வேலை செய்வார்கள். காங்கிரஸ் கட்சியில் 2019 தோல்விக்குப் பிறகு ராகுல் காந்தி தலைவர் பதவியிலிருந்து விலகினார். தேர்தல் மூலம் அடுத்த தலைவர் வர 2022 அக்டோபர் ஆயிற்று. அந்த இரகசிய வாக்கெடுப்பில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றார்கள். எண்ணிக்கையில் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும், தோற்றவருக்கு எத்தனை பேர் ஆதரவு என்பது ஊருக்குத் தெரிந்தது. அவரும் கட்சியிலேயே இருந்தார். வாக்கெடுப்பினால் கட்சி உடையும் என்கிறவர்களிடம் நான் இப்போது இதைத்தான் சொல்வேன். அன்று எனக்கு இப்படியொரு எடுத்துக்காட்டைச் சொல்லத் தெரியவில்லை. முடியாது என்று மட்டும் சொன்னேன். அதன்பிறகு மாவட்டச் செயலாளர் என் தொலைபேசியை எடுக்கவில்லை. நாற்பது நாள் எடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் நீதிமன்ற ஊழியர் கடைக்கு வந்தார். யூரியா வாங்க வந்தவர்கள் பத்துப் பேர் நிற்கையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சம்மனைக் கொடுத்தார். 4,276 பெயர்களை அறிவிப்பின்றி நீக்கியதாகவும், ஆகவே தேர்தலுக்கு இடைக்காலத் தடை வேண்டும் என்றும் வழக்கு. முதல் பிரதிவாதி நான். முப்பது ஆண்டு வியாபாரத்தில் ஒரு சோதனைக்குக்கூட ஆளாகாதவன், அன்று யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கிட்டங்கிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். நீக்கிய பெயர்களை ஊர் ஊராக ஒட்டி, ஆட்சேபம் சொல்லப் பத்து நாள் கொடுத்திருந்தேன். ஆனால் பன்னிரண்டு ஊர்களில் ஒட்டியதற்குச் சான்று இல்லை. ஒட்டிய இடத்தில் ஒரு புகைப்படமும், அவ்வூரார் இருவரின் கையெழுத்தும் வாங்கியிருந்தால் வழக்கறிஞர் கட்டணம் 38,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். வழக்கறிஞர் அன்று சொன்னது மனத்தில் நின்றது. பெரிய கட்சிகள் பிளந்து சின்னத்துக்குச் சண்டை வரும்போதுகூட, சின்னங்கள் ஆணை 1968-இன் 15-ஆம் பத்தியின்படி ஆணையம் யார் பக்கம் பெரும்பான்மை என்றுதான் பார்க்கிறது. 1971-இல் சாதிக் அலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. “அங்கேயும் பேப்பர்தான் பேசும், இங்கேயும் பேப்பர்தான் பேசும். நீங்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் அன்னிக்கே மினிட் எழுதிக் கையெழுத்து வாங்குங்க” என்றார். நான் சில கூட்டங்களுக்கு இரண்டு நாள் கழித்து எழுதியிருந்தேன். எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது. நல்லவேளையாக நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. வழக்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு வாக்கெடுப்பு. 62 கிளைகள், கிளைக்கு நால்வர் என 248 பிரதிநிதிகள். எழுத்துப் படிக்காதவர்களும் இருந்ததால் வாக்குச்சீட்டில் பெயரோடு புகைப்படமும் அச்சிட்டேன். பெட்டிக்கு என் கடையின் பழைய தகரப் பெட்டியில் துளை போட்டு, காலியாக இருப்பதை மூவருக்கும் காட்டி, பூட்டி, சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் எந்தக் கட்சியிலும் இல்லாதவர். சாப்பாட்டை எந்தப் போட்டியாளரும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு நானே போட்டேன். அதிலும் தவறு செய்தேன். பிரதிநிதிக்கு இவ்வளவு என்று முன்பே வசூலித்திருக்க வேண்டும். 240 பேர் வாக்களித்தார்கள். வார்டு உறுப்பினருக்கு 101, இளைஞருக்கு 92, சகோதரிக்கு 43, செல்லாதவை 4. முடிவுத்தாளில் மூவரும் கையெழுத்திட்டார்கள். சகோதரி கையெழுத்துப் போட்டுவிட்டு, “அண்ணே, 43 பேர் எனக்குப் போட்டாங்கங்கறது தெரிஞ்சுது, அது போதும்” என்றார். எனக்குப் போதவில்லை. என் மனத்தில் அவர்தான் தகுதியானவர். வாக்கு இல்லாத பொறுப்பாளன் என்பதால் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன்.

தோற்றவர்களுக்கு என்ன இடம் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே மூவரையும் உட்காரவைத்து எழுதி வாங்கியிருக்க வேண்டும். அதையும் நான் செய்யவில்லை. வென்றவுடன் நான் போய்ப் பேசியதால், புதிய செயலாளர் சகோதரியின் தாளில் இருந்த பத்து ஊர்களுக்கும் அவரையே பொறுப்பாக்கினார். இளைஞரின் வீட்டுக்கு அன்று மாலையே போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரிடம் 92 பேர் இருந்தார்கள். அவர்களை ஆறு மாதம் யாரும் அழைக்கவில்லை. அடுத்து வந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கட்சிச் சின்னத்தில் நடக்கும் ஒன்றிய வார்டுகளில் மூன்றை வென்றோம். அவற்றில் இரண்டு அந்தக் கடைமடை ஊர்களில் கிடைத்தவை. இளைஞரின் ஊர்களில் ஒன்றுகூட இல்லை.

மண்டப வாடகை, நகல், அச்சு, பெட்ரோல், சாப்பாடு என்று 71,000 ரூபாய் என் கைப்பணம். அதற்கு ரசீதுகள் இருந்தும் கட்சி திருப்பித் தரவில்லை, ஏனென்றால் செலவுக்கு யாரும் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்கவில்லை. வழக்குச் செலவு 38,000. இவற்றைவிடப் பெரியது கடைக் கடன். எங்கள் பக்கம் உரத்தைக் கடனுக்குக் கொடுத்து அறுவடையில் வசூலிப்பது வழக்கம். பட்டியலில் பெயர் போனவர்களும் அவர்களின் உறவினர்களும் என் கடைக்கு வருவதை நிறுத்தியதில் 2,10,000 ரூபாய் நின்றுபோனது. அந்தக் குறுவையில் என் விற்பனை பாதிக்கும் கீழே போயிற்று. வியாபாரம் செய்கிறவர்கள் இந்தப் பொறுப்பை ஏற்கும்முன் கடன் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒரு தரப்பில் இருக்கும்.

தாளடி நடவு முடிந்து மேலுரம் போடும் நேரத்தில், இளைஞரின் தரப்பில் முன்னால் நின்ற ஒருவர் கடைக்கு வந்தார். ஐந்து மாதமாக என் தெருவிலேயே நடக்காதவர். மடித்து வைத்திருந்த 4,500 ரூபாயை எடுத்துப் பழைய பாக்கி என்று வைத்தார். நோட்டில் வரவு எழுதிக் காட்டினேன். இரண்டு மூட்டை யூரியா கேட்டார். ஆள் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடி, “அண்ணே, அந்தப் புதுப் பட்டியல்ல என் பேரு இருக்கா?” என்று கேட்டார். கல்லாவுக்குக் கீழே இருந்த பட்டியலை எடுத்து, அவர் ஊர்ப் பக்கத்தைத் திருப்பி, பதினேழாம் எண்ணில் விரலை வைத்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். படித்துக் காட்டினேன்.